புத்தகத்தில் யார் சாவது

ஏப்ரல் 6, திங்கள்

காலையிலேயே தூசிக்காற்று. நேற்றுத்தான் கழுவிய வண்டி, மறுபடி மண் அப்பிக்கிடக்கிறது. கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டுக் கிளம்பினேன்.

டயருக்குக் காற்று. மலருக்கு போன். பையன் கவினின் ஷூ அளவு கேட்க. ப.அ.விடம் வாங்கிய இஸ்திரிப்பெட்டி திருப்பிக் கொடுக்க. (ப.அ. = பழனி அண்ணன். எனக்குக் கீழ்க் கட்டில். எங்கள் கம்பெனியிலேயே ஏசி மெக்கானிக். அல் கூஸ் கேம்ப் அறையில் மூத்தவர்.)

மேடத்தைக் கல்லூரியில் இறக்கினேன். அமெரிக்கா. நாவல் எழுதுகிறவர். இங்கே வளைகுடாவில் பிள்ளைகளுக்குக் கதை எழுதச் சொல்லித்தருகிறார். வண்டியில் ஏறினால் கேள்வி, இறங்கும்வரை கேள்வி. ஊர் எது, மாடு உண்டா, மனைவி கடைசியாக எப்போது அழுதாள். நானும் வாய் ஓயாமல் சொல்லி வந்திருக்கிறேன். ஏசி ஓடுகிறது, கேட்க ஒரு ஆள் இருக்கிறது, எனக்கென்ன.

இன்று இறங்கும்போது ஒரு காகிதக் கட்டை நீட்டினார். புதுப் புத்தகமாம். இன்னும் சில நாளில் அச்சுக்குப் போகிறதாம்.

"இதுல வர்ற டிரைவர் நீதான் சேகர். உன் பேரைக்கூட மாத்தல."

தலைகால் புரியவில்லை. அறந்தாங்கிக்காரன் பேர் அமெரிக்காக்காரி புத்தகத்தில்! மலரிடம் சொன்னேன். அவள் அக்கம்பக்கம் எல்லாம் சொல்லிவிட்டாள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

கல்லூரி பார்க்கிங். போனில் அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். மலர் வருகிறாள். கவின் வருகிறான், அவன் சைக்கிள் உள்பட. எல்லாம் நான் சொன்னதுதான்.

கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் செத்துப்போகிறேன்.

அறையில், கட்டிலில், தூக்கத்தில். பிறகு சவப்பெட்டி. திருச்சி ஏர்போர்ட். மலர் தரையில் விழுகிறாள். கவின் கொள்ளி வைக்கிறான். எட்டு வயசுப் பிள்ளை.

பக்கத்து அறை ஆள் ஒருவன் போன வருஷம் அப்படித்தான் போனான். பெட்டியோடு ஊர்வரை போனவன் நான். அதை மேடத்திடம் ஒன்றுவிடாமல் சொன்னவனும் நான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை.

மலர் போனிலேயே கத்தினாள். "ஏங்க, உசுரோட இருக்கற மனுசனுக்கு எழவு சொல்றதா? அந்தம்மா வாயில நல்ல வார்த்தையே வராதா? பேர எடுக்கச் சொல்லுங்க மொதல்ல!"

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் சாப்பாடு இறங்கவில்லை. பருப்பு வேறு தீய்ந்திருந்தது.

ஏப்ரல் 9, வியாழன்

கேட்டுவிட்டேன். சிக்னலில் நிற்கும்போது.

"மேடம், ப்ளீஸ். நான் சாக வேண்டாம்."

முதலில் சிரித்தார். என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். வண்டி நகர்ந்ததும் அவர் கதையைச் சொன்னார். இத்தனை நாளில் இன்றுதான் அவர் சொல்லி நான் கேட்டது.

முதல் புத்தகத்தில் அப்பாவைச் சாகடித்தாராம். சின்ன ஊர். அப்பா நல்லபடியாக உயிரோடு இருக்கிறார், கடைக்குப் போனால் சனங்கள் ஒருமாதிரி பார்க்கிறார்கள். புத்தகம் பிய்த்துக்கொண்டு போயிற்று, பரிசு, பேர், காசு. அப்பா அந்தப் புத்தகத்தை அப்படியே தபாலில் திருப்பி அனுப்பிவிட்டார். சீட்டுகூட வைக்கவில்லை. அதற்குப் பிறகு பேசவேயில்லை. இரண்டாவதில் தங்கச்சி. அவளோடும் பேச்சு இல்லை. புருஷன் கெட்டிக்காரர்: "என் முறை வர்றதுக்குள்ள நான் கிளம்பறேன்" என்று போய்விட்டார். பிறகு யாரும் மிச்சமில்லை. சாகடிக்க ஆளில்லாத புத்தகங்களை எழுதினார், ஒன்றும் ஓடவில்லை. வருஷக்கணக்காக எவனும் அச்சுப்போடவில்லை. இதுதான் கடைசி வாய்ப்பாம்.

"எனக்குப் பிடிச்சவங்களைத்தான் சேகர் என்னால நல்லா சாகடிக்க முடியுது. அந்தச் சாவை எடுத்தா புத்தகமே இல்ல."

பிடித்தவனாம். இதற்குப் பிடிக்காமலே இருந்திருக்கலாம்.

அடுத்த சிக்னலில் நின்றபோது, பேரை மட்டுமாவது மாற்றுங்கள் என்றேன். சரி, வேறொரு பேர் சொல்லு என்றார். வாயைத் திறந்தேன், ஒரு பேரும் வரவில்லை. தமிழ்நாட்டில் பேருக்கா பஞ்சம்! அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. வண்டித் திரையில் பெரிய எழுத்தில் 'பழனி'.

"பழனி. நல்லாருக்கே!" என்றார் மேடம்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன். வாயில் கொழுக்கட்டையா இருந்தது எனக்கு? வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். "ஓகே மேடம்" என்றுதான் வந்தது.

ப.அ. எதற்குக் கூப்பிட்டார் என்றால், வரும்போது தயிர் வாங்கி வரச் சொல்ல.

ஏப்ரல் 10, வெள்ளி

மலருக்கு நிம்மதி. கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டாளாம்.

எனக்கு இல்லை. கீழ்க் கட்டிலில் ப.அ. குறட்டை. குறட்டை நின்றால் குனிந்து பார்க்கிறேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

விடுமுறை. துணி ஊறவைத்தேன். வாழைக்காய் வறுவல்.

மேடம் திருத்தின பக்கங்களை போனில் அனுப்பியிருந்தார், நான் சந்தோஷப்படுவேன் என்று. படித்தேன். எங்கெல்லாம் சேகரோ அங்கெல்லாம் பழனி.

மற்ற எதையும் மாற்றவில்லை!

பழனியின் மனைவி மலர். பழனியின் மகன் கவின். பழனி மலரின் கூந்தலை... ஐயோ, இதை நான் மேடத்திடம் சொல்லவே இல்லை, அவராக எழுதியது. உடனே போன் போட்டேன். மலர் பேரையும் எடுங்கள் மேடம், அது என் சம்சாரம், ஊரில் தெரிந்தால் என் மானம் போகும்.

"மலர் எவ்வளவு அழகான பேரு சேகர்! இனி முடியாது. நேத்தே அனுப்பிட்டேன். கலாஸ்."

கலாஸ். முடிந்தது என்று அர்த்தம். இங்கே வந்து அவர் கற்றுக்கொண்ட ஒரே அரபு வார்த்தை.

மலரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? என் பேரைக் காப்பாற்றப் போய் பெண்டாட்டி பிள்ளையைப் புத்தகத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. அறையில் பாயசம். முந்திரி போட்டு, ப.அ. செலவில்.

நேற்று ப.அ.வுக்கு மேடம் வில்லாவில் ஏசி வேலையாம். பேரைக் கேட்டதும் மேடம் துள்ளிக் குதித்திருக்கிறார். புத்தகத்தில் நீதான் ஹீரோ என்று கையைப் பிடித்துக் குலுக்கி, போட்டோ எடுத்து, வெள்ளிக்கிழமை கல்லூரியில் புத்தகத்தைப் படித்துக்காட்டும் கூட்டத்துக்கும் அழைத்துவிட்டார். ஹீரோ என்ற ஒரு வார்த்தை போதுமே, மிச்ச இங்கிலீஷ் எதற்கு.

"சேகரு, அந்தம்மாகிட்ட என்னைப் பத்தி நீதான சொன்ன? எந்தத் தம்பி செய்வான் இதை!" என்று எனக்கு இன்னொரு கிளாஸ் ஊற்றினார்.

செல்லம்மா அண்ணிக்கு வீடியோ போட்டுக் காட்டினார். இவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஏறாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. அண்ணி கேட்டது: "கத நல்லபடியா முடியுதா?"

ப.அ. என்னைப் பார்த்தார். நல்ல நாளும் அதுவுமாக என்ன சொல்ல. தலையை ஆட்டிவைத்தேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

கல்லூரி ஹால். ப.அ. இஸ்திரி போட்ட சட்டை, யாரிடமோ வாங்கிய அத்தர். முன் வரிசையில் உட்காரவைத்தார்கள், பக்கத்தில் நான்.

மேடம் பேரைச் சொன்னதும் எழுந்து கும்பிட்டார். கைதட்டல். பிறகு மேடம் படித்தார். அதே சாவு அத்தியாயம்தான். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார், பாவி.

ப.அ.வுக்கு வேறொன்றும் புரியவில்லை, அவர் பேர் மட்டும் காதில் விழுகிறது. பேர் வரும்போதெல்லாம் என் தொடையில் தட்டிச் சிரித்தார். மேடைக்கு முன்னால் எல்லோரும் மூக்கை உறிஞ்ச, இவர் ஒருவர் முகத்தில் மட்டும் கல்யாணக் களை. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு இவரையே பார்த்தாள்.

காதோரம் குனிந்தார். "ஏன்டா அழுவுறாங்க? நான் என்னடா பண்ணேன்?"

"அப்புறம் சொல்றேன்ணே."

வண்டியில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டார். தப்பிக்க வழியில்லை. சொன்னேன். பேர் மாறிய கதையையும் சொன்னேன். திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று வண்டியை எடுக்காமல் இருந்தேன்.

திட்டவில்லை. டேஷ்போர்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பொட்டி எந்த ஏர்போர்ட்டுக்கு?"

"திருச்சி."

"யாரு வந்தா வாங்க?"

"உங்க சம்சாரமும் பையனும்."

திரும்பிப் பார்த்தார். "பையனா? எனக்கா?"

"ஆமாண்ணே."

"அப்ப கொள்ளி?"

"அவன்தான் வெச்சான்."

அதற்குப் பிறகு எதுவும் கேட்கமாட்டார் என்று நினைத்தேன். கேம்ப் வாசலில் இறங்குமுன், "பொண்டாட்டி பேரு என்ன போட்டுருக்கு?" என்றார். பேர் போடவில்லை என்று பொய் சொன்னேன். "பையன் பேரு?"

அதற்குப் பொய் வரவில்லை.

"கவின்."

"நம்ம கவினா?" என்றார். அவ்வளவுதான். கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

ஏப்ரல் 18, சனி

வண்டி சர்வீஸ். மேடம் மெசேஜ்: 'ஹீரோ எப்படி இருக்கிறார்?' பதில் போடவில்லை. ப.அ. டூட்டி முடிந்து வந்தார், சாப்பிட்டார், படுத்தார். என்னோடு பேச்சு இல்லை. மேடத்தின் அப்பா ஞாபகம்.

ஏப்ரல் 19, ஞாயிறு

துணி. முடி வெட்ட வேண்டும், போகவில்லை.

மலருக்கு வீடியோ. கவின் புது ஷூவைக் காட்டினான், ஒரு அளவு பெரிசு. மேல் கட்டிலிலிருந்து பேசிக்கொண்டிருந்தேன். ப.அ. எழுந்து வந்து நின்றார். கையை நீட்டினார். கொடுத்தேன்.

"பெரியப்பா!" என்றான் கவின்.

"ம்... சாப்ட்டியாடா?"

"சாப்ட்டேன். நீங்க?"

போனைக் கையில் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். கவின் "ஹலோ, ஹலோ, கேக்குதா" என்கிறான். உள்ளேயிருந்து மலர், "அப்பாட்ட குடுக்கச் சொல்லுடா" என்கிறாள்.

அவர் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.