மோந்து பார்த்தேன், கசிவு இல்லை

மார்ச் 3, செவ்வாய்

காய்ச்சல் விட்டு ஐந்து வாரம் ஆகிறது. இத்தனை நாளும் அரை நாள் வேலைதான். இன்றுதான் பட்டறையில் முழு நாள் நின்றேன். ஒரே ஒரு கார், பதினெட்டு வருடப் பழசு. டிக்கியில் கேஸ் டேங்கை ஏற்றி, அடியில் காப்பர் பைப் இழுத்து, எஞ்சினில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. முன்பெல்லாம் இது அரை நாள் வேலை.

மச்சினன் ஒயரிங்கை முடித்து, பெட்ரோலிலிருந்து கேஸுக்கு மாற்றும் ஸ்விட்சைப் போட்டுக் காட்டினான். கார்க்காரர் அதைப் பார்க்கவே இல்லை. "மூக்கண்ணே, நீங்க ஒரு தடவ மோந்து பாத்துட்டீங்கன்னா எனக்கு நிம்மதி" என்றார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். கேஸ் கனமானது, கீழேதான் தங்கும். அதனால் தலையைக் குனிந்து, பிரேக் மிதிக்கிற இடம் வரை மூக்கைக் கொண்டுபோவேன். பத்து நிமிடம். வெளியே வந்து சோதனைப் படிவத்தில் வழக்கம்போல என் கையால் எழுதினேன்: "மோந்து பார்த்தேன், கசிவு இல்லை."

எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. கேஸ் கசியாததால் அல்ல. காய்ச்சல் வந்த நாளிலிருந்தே எதுவும் தெரிவதில்லை. இதை இங்கே எழுதுவதற்கே எனக்கு ஐந்து வாரம் ஆகியிருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

பால் தீய்ந்து அடிப்பிடித்துவிட்டது. அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மனைவி ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். "என்னங்க, இங்கயேதான இருந்தீங்க?" யோசனையாக இருந்துவிட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு பாத்திரத்தைத் தேய்க்கப் போய்விட்டாள்.

மார்ச் 9, திங்கள்

மச்சினன் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து சோப்புத் தண்ணீர் கலக்குகிறேன். ஒவ்வொரு நட்டிலும் தூரிகையால் நுரையைத் தடவி, குமிழ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். முறையான சோதனை அதுதான். எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான் செய்கிறார்கள். நான்தான் பத்துப் பன்னிரண்டு வருடமாக அதைக் கைவிட்டவன். நுரையில் குமிழ் தெரிவதற்கு முன்பே எனக்கு வாசனை தெரிந்துவிடும். அதை வைத்துத்தான் மூக்கு என்று பேர் வந்தது. மச்சினன்கூட அந்தப் பெருமையில் மயங்கி, சோதனையை முழுக்க என்னிடம் விட்டுவிட்டான்.

இப்போது ஒரே வேலையை இரண்டு தடவை செய்கிறேன். ஒருமுறை திருட்டுத்தனமாக நுரை போட்டு, ஒருமுறை ஊருக்காக மோப்பம் பிடித்து. முதுகு விண்விண்ணென்று தெறிக்கிறது. சொல்லிவிட்டால் என்ன? சொன்னால் மூக்கண்ணனிடம் எவன் வருவான்?

மார்ச் 10, செவ்வாய்

பெட்ரோலைக் கையில் ஊற்றி மோந்து பார்த்தேன். தண்ணீர் மாதிரி இருக்கிறது.

மார்ச் 14, சனி

நர்ஸம்மாவின் கார். வீடு வீடாகப் போய் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறவர். காலை ஒரு வீடு, சாயங்காலம் ஒரு வீடு. "நடுவுல பூங்கா ஓரமா வண்டிய நிறுத்திட்டு ஒரு மணி நேரம் தூங்குவேண்ணே. கண்ணாடியெல்லாம் ஏத்திட்டா சத்தம் கேக்காது, சொர்க்கம்" என்றார்.

டேங்க் வால்வின் மூடிக்குள் ஒரு நட்டு இருக்கிறது. அங்கே தூரிகை போகாது. மூடியைக் கழற்றி, ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டுத்தான் நுரை போட வேண்டும். மச்சினன் திரும்பி வரும் நேரமாகிவிட்டது. கையும் ஓய்ந்துபோயிருந்தது. அந்த ஒன்றை விட்டுவிட்டேன்.

சாவியைக் கொடுக்கும்போது உள்ளே உட்கார்ந்து பார்த்தவர், "என்னமோ வாசம் வருதே அண்ணே" என்றார்.

"புது ரப்பர் ஹோஸ் வாசம்மா. ரெண்டு நாள்ல போயிடும்."

வாயில் தானாக வந்துவிட்டது. எல்லோரிடமும் சொல்கிற பேச்சுதான். முன்பு அது உண்மையாக இருக்கும், ஏனென்றால் ரப்பர் எது, கேஸ் எது என்று எனக்குத் தெரியும். இன்று எதை மோந்தேன் நான்? ஒன்றையும் இல்லை. சாயங்காலத்திலிருந்து நான்கு தடவை போன் போட்டுவிட்டேன். அணைத்து வைத்திருக்கிறார்.

மார்ச் 15, ஞாயிறு

ராத்திரி கண்ணே மூடவில்லை. காலையிலும் போன் எடுக்கவில்லை. மதியம் சோப்புத் தண்ணீர் டப்பாவையும் ஸ்பேனரையும் பையில் போட்டுக்கொண்டு பூங்காப் பக்கம் போனேன். கார் நின்றது. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. சீட்டைச் சாய்த்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

தட்டினேன். எழவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். அசையவே இல்லை. ஐயோ, என்னடா பண்ணி வச்சிருக்க, ஒரு நட்டு, ஒரே ஒரு நட்டு, அதுக்குக் கூடவா சோம்பேறித்தனம், நீயெல்லாம் மனுஷனா... ரெண்டு கையாலயும் குத்தினேன். கண் விழித்தார். கதவைத் திறக்கச் சொன்னேன். வண்டியில் எதையும் தொடாதீங்க, இறங்குங்க என்றேன். தள்ளாடிக்கொண்டு இறங்கினார். "நேத்துலேருந்து தலவலிண்ணே. தூக்கம் பத்தலன்னு நெனச்சேன்."

டேங்க் வால்வை அடைத்தேன். கதவுகளையும் டிக்கியையும் திறந்து போட்டு, நன்றாகக் காற்றாட விட்டு, பிறகு மூடியைக் கழற்றினேன். வளையம் மடங்கி உட்கார்ந்திருந்தது. வால்வைத் திறந்து நட்டில் நுரை தடவினேன். கொப்புளம் கொப்புளமாக வந்தது.

அவரிடம்தான் முதலில் சொன்னேன். எனக்கு வாசனை தெரியாது என்று. நர்ஸ் இல்லையா, வாய் தானாகக் கேட்டது: "எத்தனை நாளா?" சொன்னேன். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது அவருக்கு. "அப்ப என் உசுர வச்சுத்தான் சோதிச்சுப் பாத்தீங்களா?" நட்டை இறுக்கி, வளையத்தை மாற்றி, குமிழ் நின்றதைக் காட்டினேன். கேஸில் ஓட்ட மாட்டேன் என்று பெட்ரோலுக்கு மாற்றிக்கொண்டு போனார். போகும்போது ஒரு டாக்டர் பேரை எழுதிக் கொடுத்தார். கோபத்தோடுதான் கொடுத்தார்.

மார்ச் 16, திங்கள்

மச்சினனிடம் சொல்லிவிட்டேன். கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தான்.

"மாமா, இத்தன நாளா எம் பக்கத்துலயே நின்னு பொய் எழுதியிருக்கீங்க."

"ஆமா மாப்ள."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே நுர போட்டிருப்பேனே. இதுல என்ன மானம் போவுது?"

படிவக் கட்டை எடுத்து எண்ணினான். காய்ச்சலுக்குப் பிறகு பன்னிரண்டு. நர்ஸம்மாவுடையது போகப் பதினொன்று. ஆறில் நான் நுரையே போடவில்லை, மூக்குதான். எந்த ஆறு என்று உறுதியாகச் சொல்ல முடியாததால் பதினொன்றையும் கூப்பிட வேண்டும். அவனே போனை எடுத்தான்.

மார்ச் 17, செவ்வாய்

மனைவியிடமும் சொன்னேன். "பால் தீஞ்ச அன்னிக்கே தெரியும்" என்றாள். பிறகு ஏன் கேட்கவில்லை? "நீங்களா சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். மூக்கப் பத்திப் பேசினாத்தான் உங்களுக்கு மூக்கு மேல கோபம் வருமே." சிரிக்க முயன்றேன். அழுகை வந்தது.

மார்ச் 19, வியாழன்

ஏழு கார்கள் வந்துவிட்டன. கசிவு எதிலும் இல்லை. ஒருவர் மட்டும் கத்தினார்: "பேரு மட்டும்தான் மூக்கா?" நியாயம்தான். டாக்டரைப் பார்த்தேன். வாசனை திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

மார்ச் 24, செவ்வாய்

பத்து முடிந்தது. பதினோராவது காரை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டாராம். யாரிடம் என்று சரியாகத் தெரியவில்லை, ஒரு தரகர் மூலமாகக் கைமாறியிருக்கிறது. "வாங்குனவரு என்னமோ வாசம் வருதுன்னாரு. புது ரப்பரு, ரெண்டு நாள்ல போயிடும்னு சொன்னேன். நீங்கதான சொன்னீங்க?" என்றார் போனில்.

தரகர் யார் என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.

மார்ச் 28, சனி

தரகர் ஊரில் இல்லை. அவர் தம்பிக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

வாங்கியவர் யார் என்று தேடி மச்சினன் வண்டிப் பதிவு அலுவலகத்துக்கு மூன்றாவது தடவையாகப் போயிருக்கிறான். நானே போகிறேன் என்று தடுத்தேன், கேட்கவில்லை. "உங்களுக்காகப் போகல மாமா. அந்த வண்டில உக்காந்திருக்கறவனுக்காகப் போறேன்" என்றான். இந்த இரண்டு வாரத்தில் என்னிடம் அவன் பேசிய நீளமான பேச்சு இதுதான்.

ஏப்ரல் 6, திங்கள்

வண்டி கிடைத்துவிட்டது. இரண்டு மணி நேரப் பயணம். வாங்கியவர் ஒரு தையல்காரர், கார் கடை வாசலில் வெயிலில் நின்றது. ஆள் நன்றாக இருந்தார். நாற்றம் தாங்காமல் கண்ணாடியைத் திறந்து வைத்தே ஓட்டினாராம். அவர் மூக்குக்கு ஆயிரம் கும்பிடு.

மச்சினன் கதவெல்லாம் திறந்துவிட்டு, குப்புறப் படுத்து ஒவ்வொரு இணைப்பிலும் நுரை போட்டான். எஞ்சின் பக்கத்து நட்டில் ஒரு குமிழ், குண்டூசித் தலை அளவு. எனக்கும் அவனுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. டேங்க் வால்வை அடைத்துவிட்டு வந்தான். நான் ஸ்பேனரை அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"இந்த நட்டு பதம் உங்க கைக்குத்தான் தெரியும் மாமா. கூட முறுக்கினா விரிஞ்சிடும். நீங்க முறுக்குங்க, நான் பாக்கறேன்."

கால் சுற்று. இன்னும் கொஞ்சம். அவன் வால்வைத் திறந்து மறுபடி நுரை போட்டான். இருவரும் காத்திருந்தோம். குமிழ் வரவில்லை. இன்னொரு தடவை போடு என்றேன். போட்டான். வரவில்லை.

படிவத்தில் அவன் எழுதினான், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். தையல்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். சூடு மட்டும்தான் தெரிந்தது, ஆனாலும் முழுசாகக் குடித்தேன்.

வரும் வழியில் மச்சினன் ஓட்டினான். பட்டறை வண்டி, கேஸில் ஓடுவது. நான் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். வீட்டு வாசலில் நிறுத்தித்தான் எழுப்பினான்.