பாதி விழுந்த அச்சு

பிப்ரவரி 3, செவ்வாய்

மாப்பிள்ளை இன்றும் கடைக்கு வந்தார். தங்கைதான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். கண்ணாடிக்கு இன்னும் பவர் ஏற்ற முடியுமா என்று கேட்டார். இதற்கு மேல் லென்ஸ் கிடையாது என்றேன். டாக்டரும் கைவிரித்துவிட்டார்.

போகும்போது அதே பல்லவி. "உங்க காசையும் என் காசையும் ஒரே ஒரு தடவை பக்கத்துல வச்சுப் பாத்துடலாம், மச்சான். கண்ணு இருக்கும்போதே."

பார்க்கலாம் என்றேன்.

பிப்ரவரி 4

கோபம் ஆறவில்லை. இரண்டும் சுத்தியலால் அடித்த பழைய இஸ்லாமியச் செம்புக் காசுகள், ஒரே அச்சு. அச்சிலிருந்த கீறல் இரண்டிலும் விழுந்திருக்கிறது. அடித்தவன் அவசரக்குடுக்கை, இரண்டிலும் அச்சைப் பாதிதான் இறக்கியிருக்கிறான். அரபி எழுத்து வலமிருந்து ஓடும். அடித்த ஊரின் பெயரில் முதல் இரண்டு எழுத்து என்னிடம். மிச்சமும் வருடமும் மாப்பிள்ளையிடம்.

வாங்கிய அன்றைக்குப் பழங்காசு வியாபாரியின் தட்டில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதற்குக் கையை நீட்டினேன். அதற்குள் மாப்பிள்ளை லபக்கென்று எடுத்துக்கொண்டார். எடுத்துவிட்டு ஒரு சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்புக்கு என் பாதியைக் காட்டமாட்டேன். ஃபோட்டோகூடக் கிடையாது.

மார்ச் 19

தங்கை போனில் அழுதாள். "அவருக்குக் காட்டினா உன் காசு தேஞ்சா போயிடும், அண்ணே?"

வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன். பாவமாகத்தான் இருந்தது. போகவில்லை.

ஏப்ரல் 11

இன்றும் போகவில்லை.

மே 2

மாப்பிள்ளைக்கு வெளிச்சம்கூடத் தெரியவில்லையாம்.

மே 6

இன்று போனேன். நானே படித்துச் சொல்கிறேன் என்றதும் மாப்பிள்ளை தட்டுத்தடுமாறிப் பெட்டியைத் திறந்து காசை என் கையில் வைத்தார்.

ஜன்னலோரம் இரண்டையும் சேர்த்து வைத்து லென்ஸை எடுத்தேன். கீறலோடு கீறல் பொருந்தியது. ஊர்ப்பெயர் முழுதாக வந்தது. அங்கே காசு அடித்ததாக எந்தப் புத்தகத்திலும் இல்லை!

"என்ன ஊரு, மச்சான்?"

தலைநகரத்துக் காசுதான், மூட்டை மூட்டையாகக் கிடைக்கிற சரக்கு என்றேன். மதிப்பில்லை என்று தெரிந்தால் சும்மாவே கொடுத்துவிடுவார் அல்லவா?

"இவ்ளோதானா?" என்றார். முகம் சுருங்கிப்போனது. எனக்கு அது பார்க்க நன்றாகவே இருந்தது.

ஃபோட்டோ எடுக்கக் கை பரபரத்தது. மூட்டைச் சரக்குக்கு எதற்கு ஃபோட்டோ என்று தங்கை கேட்பாளே. எடுக்கவில்லை. காசை உடனே கேட்டாலும் சந்தேகம் வரும். கொஞ்ச நாள் போகட்டும்.

மே 15

நாணயச் சங்கத்துக்குக் கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டேன். இரண்டு காசும் மேசைமேல் இருந்தால்தான் நம்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கிவர வேண்டும்.

மே 17, ஞாயிறு

மாப்பிள்ளையே கதவைத் திறந்தார். சிரித்த முகம். கொத்தில் வாசல் சாவி எது என்று தெரியாமல் இவ்வளவு நாளும் திண்டாடினாராம். பூட்டு ரிப்பேர்காரரிடம் சொல்லிக் காசில் ஓட்டை போட்டு, அந்தச் சாவியோடு கோத்துக்கொண்டாராம்.

"சாதாரணக் காசுன்னு நீங்க சொன்னப்புறம்தான் மனசு வந்துச்சு."

வாங்கிப் பார்த்தேன். வளையம் நுழைவதற்காக அகலமாகத் துளைத்திருக்கிறார்கள். ஊர்ப்பெயர் இருந்த இடத்தில் என் சுண்டுவிரல் நுழைகிறது. விளிம்பு கையைக் கிழிக்கும் என்று அரம் வேறு போட்டிருக்கிறார்கள். வருடமும் போச்சு. எல்லாம் போச்சு. என்னன்னு சொல்றது? யார்கிட்ட சொல்றது?

நேற்று அவர் தனியாக மளிகைக் கடைக்குப் போய்வந்ததாகத் தங்கை பூரித்துப்போய்ச் சொன்னாள்.

மாப்பிள்ளை என் கையைத் தேடிப் பிடித்தார். "பின்கதவுச் சாவிக்கும் ஒண்ணு வேணும், மச்சான். உங்களோடதும் அதே காசுதானே?"

தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூட்டைச் சரக்கைத் தரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.