உப்பில் புதைத்த லேப்டாப்

அன்பு மகள் ஐஸ்வர்யாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ஜெமியும் அந்தக் குளிர் தேசத்தில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க திருச்செந்தூர் முருகன் துணை. இங்கே நான் சுகம், உன் அப்பா சுகத்துக்கும் ஒரு குறையும் இல்லை, சுகமில்லாமல் போனது நீ விட்டுப்போன லேப்டாப் ஒன்றுதான். உன் அப்பாவின் வைராக்கியம் உனக்குத் தெரியும். நீ போனில் வந்தாலே மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றக் கிளம்பிவிடுவார். கிறிஸ்தவ மாப்பிள்ளை என்று உன் கல்யாணத்துக்கு வராமல் இருந்தது போதாதென்று, இரண்டு வருஷமாக அந்தச் செடியை வேர் அழுக அழுக நனைத்துக்கொண்டிருக்கிறார்.

போன சஷ்டிக்கு நான் திருச்செந்தூர் போய்விட்டுத் திரும்பினால் வீடே கருப்பட்டிக் காப்பி வாசம். உன் அப்பா பின்கட்டில் உப்பு டிரம் பக்கத்தில் போலீஸ்காரர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். என்னவென்று கேட்டால், ஒண்ணுமில்ல, லேப்டாப்ல கொஞ்சம் காப்பி பட்டுட்டு, காயப் போட்டிருக்கேன் என்கிறார். எங்கே என்று தேடினால் டிரம்முக்குள், கல்லுப்புக்குள்! இதற்கு விளக்கம் வேறு. ஊர்ல எல்லாவனும் அரிசிக்குள்ள போடுதான், அரிசி என்னத்த இழுக்கும், ஆள் உசரச் சீலா மீனையே நம்ம உப்பு காய வச்சிருது, இந்தத் தட்டைச் சாமான் காயாதா என்று கேட்கிறார். இத்தனை வருஷம் உப்பு வியாபாரம் செய்த மூளை அல்லவா. நல்லவேளை, தலையை அரிந்து குடலை எடுக்காமல் விட்டார்.

அதற்கு முன்னால் பார்த்த வைத்தியத்தையும் கேள். காப்பி கொட்டியதும் அணைக்கவில்லை, எந்தப் பொத்தான் உயிரோடு இருக்கிறது என்று ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்திருக்கிறார். சூடு ஏறினால் காயும் என்று சார்ஜரைச் செருகியிருக்கிறார். பிசுபிசுப்புப் போக ஈரத்துண்டால் குளிப்பாட்டியிருக்கிறார். சரி, எதற்கு அதைத் திறந்தீர்கள் என்றேன். ஜிஎஸ்டி பார்க்கவாம்! டிவி சத்தத்தைக் குறைக்க என்னைக் கூப்பிடுகிற மனுஷர் ஜிஎஸ்டி பார்த்தாராம், நானும் நம்பினேனாம்.

இரண்டு கடைக்காரர்கள் உப்பைப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார்கள். வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று நான் சொன்னதற்கு முறைத்தார். உள்ளே இருப்பது வேண்டுமாம். உள்ளே என்ன இருக்கிறது, அவள் அனுப்பிய கல்யாணப் படமும் வீடியோவும்தானே, அவளிடம் கேட்டால் இன்னொரு தடவை அனுப்பமாட்டாளா என்றேன். ஏளா, கேட்டா நான் பாத்தது அவளுக்குத் தெரிஞ்சிரும்லா என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மிச்சமிருந்தது மில்லர்புரத்தில் ஜெமியின் அக்கா பிளாரன்ஸ் வைத்திருக்கிற ரிப்பேர் கடை. சம்பந்தி வீட்டு ஆள் முகத்தில் முழிக்கமாட்டேன் என்றவர் தானாகவே ஸ்கூட்டரை எடுத்தார். வாங்க மாமா என்று அவள் கூப்பிட்டதும் பின்னால் யார் வருகிறார் என்று திரும்பிப் பார்த்தார் பாவம். அவள் லேப்டாப்பைக் கழற்றினால் மேசையெல்லாம் உப்பு. சிரிப்பை அடக்கிக்கொண்டு, மாமா, தண்ணி பட்டா ஒடனே அமத்தணும், சார்ஜரப் புடுங்கணும், கவுத்து வச்சு அப்படியே கொண்டுவரணும், வேற ஒரு வைத்தியமும் பண்ணக்கூடாது என்றாள். உன் அப்பா இதெல்லாம் தெரிந்ததுதான் என்பதுபோல் தலையாட்டினார். இனி இது ஓடாது, ஆனா ஹார்ட் டிஸ்க் தப்பிச்சிருக்கு, எத எடுக்கணும் மாமா என்று கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அந்த வீடியோ மட்டும் போதும்மா என்றார். எம் மக சர்ச்சுக்குள்ள நடந்து வாரா, ஒங்க வழக்கத்துல அப்பன்தான் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வரணுமாம்லா, எம் மக ஒத்தையில வாரா, அதப் பாத்ததும் எந்திரிச்சிட்டேன், காப்பி கொட்டிட்டு, அதுக்கு மேல நான் ஒண்ணும் பாக்கலம்மா என்றார். ஐசு, இரண்டு வருஷமாக அவரைக் குத்திக்காட்டச் சேர்த்து வைத்திருந்த பேச்சையெல்லாம் அந்த உப்பிலேயே புதைத்துவிட்டேன். பிளாரன்ஸ் அழுதாள், நானும் அழுதேன். அவர் மட்டும் அழவில்லையாம், கண்ணில் உப்புத் தூசி விழுந்துவிட்டதாம்.

வீடியோவை அவள் என் போனில் ஏற்றிக் கொடுத்தாள். அன்றிலிருந்து போன் என் கையில் இல்லை, அவர் சட்டைப்பையில்தான் குடியிருக்கிறது. அதனால்தான் பிளாரன்ஸ் தம்பிக்கு அனுப்புகிற கருவாட்டுப் பார்சலில் இதை வைக்கிறேன், வாசம் அடித்தால் பொறுத்துக்கொள். மாப்பிள்ளையிடம் சொல், கம்ப்யூட்டர் பக்கத்தில் காப்பி வைக்க வேண்டாம். வைத்தே தீருவேன் என்றால் உப்பை எட்டாத இடத்தில் வைக்கட்டும்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக வாழவேண்டும். கடிதம் கிடைத்ததும் கூப்பிடு. எடுக்கப்போவது அவர்தான். பேசமாட்டார், மூச்சுவிடுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். வைத்துவிடாதே மகளே, அப்பா என்று கூப்பிட்டுவிட்டு அப்படியே இரு.

இப்படிக்கு,
உன் அம்மா உமாராணி