ஸ்டெல்லா கழற்றிக் கொடுத்த ஷூ

மே, இரண்டாம் ஞாயிறு

காலையில் சபையில், எல்லோரும் போய்வந்த ஜவ்வாது மலை ஜெபப் பயணத்தைப் பற்றிச் சாட்சி சொன்னேன். "ஏறும்போது என் ஷூ பிஞ்சிடுச்சி. ஜெபம் பண்ணேன். ஆண்டவர் வேற ஷூ குடுத்தார்." எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். அம்மா அழுதாள்.

கொடுத்தது என்னோடு கம்பெனியில் வேலை செய்யும் ஸ்டெல்லா. தன்னுடையதைக் கழற்றித் தந்துவிட்டு, ரப்பர் செருப்போடு இரண்டு நாள் நடந்தாள். அவள் பெயரை நான் சொல்லவில்லை. ஏன் என்று தெரியவில்லை. ஜெபம் பண்ணினேனா என்பதே ஞாபகமில்லை. மூன்றாவது வரிசையில், காலில் கட்டோடு உட்கார்ந்து அவளும் ஆமென் என்றாள்.

வெளியே வந்ததும், "நல்லா சொன்னடி" என்றாள். கால் இன்னா ஆச்சு என்றுகூட நான் கேட்கவில்லை.

மலை உச்சியில் ஜெபத்தில் எல்லோரும் அழுதபோதும் எனக்கு ஒன்றும் வரவில்லை. இப்போதும் வரவில்லை.

நாளைக்குத் திருபுவனை கம்பெனியில் காலை ஷிப்ட். அதே பஸ்ஸில் அவளும் வருவாள். அவள் ஷூ என் வாசலில் கிடக்கிறது. மண்ணைக்கூடத் தட்டி வைக்கவில்லை.