கீழ வீட்டுக்கு மாடி இல்லை

2024 செப்டம்பர் 3

இன்றும் முதல் பஸ். குடவாசலிலிருந்து கும்பகோணம், அங்கே இறங்கி ஏறி தஞ்சாவூர். இவருக்கு டயாலிசிஸ் முடிந்து வெளியே வரும்போது வெயில் உச்சியில் நிற்கிறது. திரும்பும்போது பாபநாசம் தாண்டியதும் வாந்தி. கண்டக்டர் ஒரு பாலிதீன் பையை நீட்டினார். எங்களுக்காகவே வைத்திருக்கிறாரோ என்னவோ.

செவ்வாயும் வெள்ளியும் இதே பாடு. கூட்டுறவுச் சங்கத்தில் என் லீவு விண்ணப்பத்தைச் செக்ரட்டரி படிப்பதையே விட்டுவிட்டார். வாங்கி, மேசையில் போட்டு, "போய்ட்டு வாங்கம்மா" என்கிறார். எழுத்தர் வேலை பார்ப்பவள் நான். என் எழுத்துக்கு இப்போது இவ்வளவுதான் மரியாதை.

வீட்டுக்கு வந்து படுத்தபடியே இவர் சொன்னார்: "இந்த வீட்ட வித்துடலாம் அனு. ஆஸ்பத்திரி பக்கத்துல ஒரு வீட்ட லீசுக்கு எடுத்துக்கலாம். இந்த பஸ்ஸு என்னைக் கொன்னுடும்."

நோய் கொன்றுவிடும் என்று சொல்லவில்லை. பஸ் என்கிறார். சரியாகத்தான் சொல்கிறார்.

செப்டம்பர் 8

புரோக்கர் மூலம் ஆள் கிடைத்துவிட்டது. குஞ்சிதபாதம், பஸ் டிரைவராக இருந்து ரிடையர் ஆனவர். மகன் இளம்பரிதி சிங்கப்பூரில். வந்தார், அறை அறையாகப் பார்த்தார், கொல்லையில் எலுமிச்சை மரத்தடியில் நின்று "ஆகட்டும்" என்றார். மகன் பேரில் பேங்க் லோன். பத்திரம் மட்டும் மார்கழிக்கு முன்னால் முடிய வேண்டும். மார்கழியில் வீடு வாங்க அவர் வீட்டம்மா சம்மதிக்க மாட்டாராம். நானே சம்மதிக்க மாட்டேன்.

"உங்க பக்கத்துக்கு ஒரு வக்கீல் வச்சு பேப்பரெல்லாம் சரி பண்ணிக் குடுத்துடுங்கம்மா."

எந்த வக்கீல்? யோசித்தாலே அலுப்பு. இவருடைய அப்பா இருக்கும்போதே பாகம் எழுதிவைத்துவிட்டார். மேல வீடு இவருடைய அண்ணன் பஞ்சநதத்துக்கு, கீழ வீடு இவருக்கு. நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்து எங்களுக்கு மட்டும்தான் என்று நாங்கள் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றோம். அன்று நின்ற பேச்சு, அண்ணனுக்கும் தம்பிக்கும் இன்றுவரை இல்லை. கொல்லையில் துணி காயப்போடும்போது ஓரகத்தி அகிலாண்டம் அக்காவும் நானும் மட்டும் தலையசைத்துக்கொள்வோம்.

செப்டம்பர் 10

தர்ஷினி சென்னையிலிருந்து போன். "அம்மா, லோக்கல் வக்கீல்லாம் வேணாம்மா. இழுத்தடிப்பாங்க. ஆன்லைன்ல பண்ணலாம். போட்டோ எடுத்து அனுப்புனா போதும், ஒரு வாரத்துல டிராஃப்ட் வந்துடும்."

ஒரு வாரம் என்ற சொல் எனக்கு அமிர்தமாக இருந்தது.

செப்டம்பர் 15

பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தரையில் விரித்து, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பினேன். மின்விசிறியில் பறக்காமல் இருக்க இவருடைய மருந்து டப்பாக்களை மேலே வைத்தேன். வீட்டில் கனமான பொருள் இப்போது அவைதான்.

அக்டோபர் 1

டிராஃப்ட் வந்துவிட்டது. சொன்ன வாரம் தாண்டித்தான், ஆனாலும் வந்தது. பேங்குக்காக இங்கிலீஷில் ஒன்று, பதிவுக்காகத் தமிழில் ஒன்று. எவ்வளவு சுத்தமான அச்சு! தஞ்சாவூரிலிருந்து வந்த களைப்பில் பெயர்கள் சரியா என்று மட்டும் பார்த்தேன். சரி. பேங்குக்குப் போகட்டும்.

அக்டோபர் 17

பேங்க் இன்ஜினியர் வந்தார். சின்ன வயசு, கையில் டேப்பு. கூடத்தை அளந்தார், கொல்லையை அளந்தார். பிறகு வீட்டையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து கேட்டார்: "மாடிப்படி எங்கம்மா இருக்கு?"

"மாடியே இல்லையே தம்பி."

"இல்லம்மா, பேப்பர்ல இருக்கு. நீங்க விக்கிறது தரைத்தளம். முதல் தளம் பஞ்சநதம்னு ஒருத்தருக்குச் சொந்தம்."

நிமிர்ந்து பார்த்தேன். ஓடு. ஓட்டுக்கு மேலே ஆகாயம்.

அதோடு போகாமல், பஞ்சநதம் யார் என்று விசாரித்துக்கொண்டு அந்தப் பிள்ளை மேல வீட்டுக்கே போய்விட்டது. சந்து வழியாக மூத்தார் பஞ்சநதத்தின் குரல் கேட்டது. நான் அந்தக் குரலைக் கேட்டே வெகுநாள் ஆகிறது. "என்னையத் தூக்கி மாடில வச்சிட்டாங்களா? நல்லாருக்கு. இறங்கறதுக்கு ஏணி குடுப்பாங்களா?"

உள்ளே படுத்திருந்த இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லோனை நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

அக்டோபர் 18

எங்கள் பக்கத்தில் கீழ என்றால் கிழக்கு, மேல என்றால் மேற்கு. காவேரித் தண்ணீர் மேலே இருந்து கீழே வருகிறது, அதாவது மேற்கிலிருந்து கிழக்கே. பால்வாடிப் பிள்ளைக்குத் தெரியும் இது. இவருடைய அப்பா "கீழ வீடு" என்று எழுதிவைத்தார். சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் யாரோ அதை இங்கிலீஷில் தரைத்தளமாக்கி, மறுபடி தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

தர்ஷினியிடம் சொன்னேன். அவளுக்கு அழுகை. "நானும் படிச்சேன்மா. எனக்கும் தோணலம்மா." இந்த வீட்டில் பிறந்த பெண். அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது? நானும்தானே படிக்காமல் அனுப்பினேன்.

அந்தக் கம்பெனியில் புகார் பதிந்தாகிவிட்டதாம். நம்பர் கொடுத்திருக்கிறார்கள்.

அக்டோபர் 25

நம்பர் இருக்கிறது. பதில் இல்லை. இன்றும் வாந்தி.

அக்டோபர் 28

உள்ளூர் வக்கீல்தான் என்று முடிவாகி, இன்று அரை நாள் லீவில் அலைந்தேன்.

புரோக்கர் சொன்ன வக்கீல் முகம் பார்த்துப் பேசினார், காபி வாங்கிக் கொடுத்தார். "கவலய விடுங்க. வாங்குறவங்களுக்கும் நான்தான் பாக்கறேன், உங்களுக்கும் நானே பாத்துடறேன்." நாளைக்கு ஒரு தகராறு என்றால் இவர் யார் பக்கம் நிற்பார்? காபி நன்றாகத்தான் இருந்தது.

அடுத்தது, சந்து கேஸில் எங்களுக்காக வாதாடிய எங்கள் பழைய வக்கீல். கேஸை நினைவிருக்கிறதா என்றேன். "எது, அந்தக் கிணத்துக் கேஸா?" என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

நவம்பர் 2

தீபாவளி பலகாரம் இவருக்கு எதுவும் ஆகாது. நானும் செய்யவில்லை. சாயங்காலம் திடீரென்று சொல்கிறார்: "சாஜிதாம்மாவ கேப்பமா?"

சாஜிதா! கூத்தாநல்லூர்க்காரர். மூத்தாருடைய வக்கீல். என்னைக் கூண்டில் ஏற்றி அழவைத்த மனுஷி. இவருக்கு மூளை கீளை கலங்கிவிட்டதா?

"சந்துல நீங்க மட்டுந்தான் நடந்தீங்களாம்மா?" என்று மெதுவாகத்தான் ஆரம்பித்தார் அன்றைக்கு. ஆமாம் என்றேன். "அகிலாண்டம் பிரசவ வலில போனாங்களே, எந்த வழியாப் போனாங்க?"

சந்து வழியாகத்தான் போனாள். நான்தான் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். மழைச் சேற்றில் என் தோளைத்தான் பிடித்துக்கொண்டு வந்தாள். அதை எப்படி இல்லை என்பது? "சந்து வழியா" என்றேன். அந்த ஒரு வார்த்தையில் சந்து பொதுவாகிவிட்டது. வெளியே வந்ததும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் என்னைத்தான் தின்றார்கள். கடைசிவரை ஒன்றும் சொல்லாதவர் இவர் மட்டும்.

இன்றைக்குச் சொல்கிறார்: "நம்ம வக்கீல் நம்ம பத்திரத்தப் படிச்சதே இல்ல அனு. அந்தம்மாதான் வரி வரியாப் படிச்சாங்க."

அதுக்காக? அவ கால்ல போய் விழணுமா? மாட்டேன். என்னால முடியாது.

நவம்பர் 3

முடியாது.

நவம்பர் 12

கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் விழுந்துவிட்டார். படி ஏறக் காலைத் தூக்கியவர் அப்படியே பின்னால் சாய்ந்தார். யாரோ தாங்கினார்கள், யாரோ சோடா உடைத்தார்கள். தரையில் கிடந்தபடி என்னைப் பார்த்து, "பையப் பாத்துக்க" என்கிறார். எனக்குப் பையும் தெரியவில்லை, ஊரும் தெரியவில்லை. பயமாக இருக்கிறது. பட்டப்பகலில், அத்தனை ஜனத்துக்கு நடுவில், தனியாக நிற்பதுபோல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நானே சாஜிதாவின் நம்பரைத் தேடி எடுத்தேன்.

நவம்பர் 14

சாஜிதாவின் ஆபீஸ் உரக்கடைக்கு மேலே, செங்குத்தான படி. இவரை ஆட்டோவில் விட்டுவிட்டு நான் மட்டும் ஏறினேன். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "சந்து" என்றார். அவ்வளவுதான். பெயர்கூடச் சொல்லவில்லை.

கீழே ஆட்டோவில் இருக்கிறார் என்றேன். பத்திரத்தை வாங்கிக்கொண்டு தானே இறங்கி வந்தார். உர மூட்டை ஒன்றில் உட்கார்ந்து சென்னை டிராஃப்டைப் படித்தவர், முதல் தளம் வந்த இடத்தில் வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஆட்டோக்குள்ளே இவரும் சிரிக்கிறார். எனக்கு மட்டும் என்ன, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விழுந்த அன்றைக்கு வராத அழுகையும் கூடவே வந்தது.

பிறகு சாஜிதா சொன்னதுதான் நான் யோசிக்காதது. "கொல்லைக்குப் போக அந்தச் சந்துதானே வழி? வாங்குறவங்க பேங்க் அதத்தான் கேக்கும். சந்து பொதுன்னு தீர்ப்பே இருக்கு. அத வச்சா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

நாங்கள் தோற்ற தீர்ப்பு.

"ஆனா ஒண்ணும்மா. பஞ்சநதம் என் கட்சிக்காரர். அவர் சம்மதிச்சாத்தான் உங்க பேப்பரத் தொடுவேன். வேணாம்னுட்டாருன்னா நீங்க வேற ஆளப் பாத்துக்கணும்." காபியும் இல்லை, கவலையை விடுங்கள் என்ற பேச்சும் இல்லை. வெகுநாளைக்குப் பிறகு ஒருவர் பேச்சை நம்பலாம் என்று தோன்றியது.

மூத்தார் எப்படிச் சம்மதிப்பார்?

நவம்பர் 19

பதில் இல்லை. குஞ்சிதபாதம் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். கன்னியாகுறிச்சிப் பக்கம் வேறொரு வீடு பார்த்துவைத்திருக்கிறாராம். மிரட்டவில்லை, தகவலாகச் சொல்கிறார். அதுதான் இன்னும் கஷ்டம்.

நவம்பர் 22

சாஜிதா போன். மூத்தார் சரி என்றுவிட்டார். என்ன சொன்னார் என்று கேட்டேன். மூத்தார் சொன்னதை அப்படியே சொன்னார்: "நீங்களே பண்ணிக் குடுங்கம்மா. வேற எவனாவது எழுதுனா மறுபடி என்ன மாடில ஏத்திடுவான்."

அவ்வளவுதானா? வேறொன்றும் சொல்லவில்லையா? "தம்பி மதிவாணனுக்கு டயாலிசிஸ் வாரம் எத்தன தடவைன்னு கேட்டாரு" என்றார்.

நவம்பர் 27

விடாத மழை. சம்பா பயிரெல்லாம் தண்ணீருக்குள். சங்கத்தில் விவசாயிகள் வந்து சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறார்கள்.

டிசம்பர் 5

சாஜிதாவின் டிராஃப்ட். நான்கு எல்லையும் எங்கள் பேச்சில் இருக்கிறது: கீழண்டை வாய்க்கால், மேலண்டை பொதுச் சந்து. இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தேன். பேங்க் ஒத்துக்கொண்டது.

டிசம்பர் 12

பதிந்தாகிவிட்டது. மார்கழிக்கு முன்னால்.

சாட்சிக் கையெழுத்துக்கு மூத்தாரை வரச் சொல்லியிருந்தார் சாஜிதா. "பக்கத்துப் பாத்தியக்காரர் போட்டா பின்னாடி பேச்சு வராது." வெள்ளைச் சட்டையெல்லாம் மழையில் நனைந்து வந்தார். பெஞ்சில் இவர் பக்கத்தில்தான் இடம். உட்காரப் போனவர் நின்றார்.

"எந்தக் கைல ஊசி?"

இவர் இடது கையைக் காட்டினார். மூத்தார் சுற்றிவந்து வலப்பக்கம் உட்கார்ந்துகொண்டார். கூப்பிடும்வரை இருவரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைரேகைக் கருவியில் இவருடைய விரல் பதியவே இல்லை. மூத்தார் தன் துண்டை எடுத்து அந்த விரலை அழுத்தித் துடைத்துவிட்டார். பதிந்தது.

வெளியே வந்ததும் அவர் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம்.

2025 ஜனவரி 24

தஞ்சாவூர். லீசு வீடு. ஆஸ்பத்திரிக்கு இவர் நடந்தே போகிறார், நடந்தே வருகிறார். வாந்தி இல்லை. இப்போது முதல் பஸ் எனக்கு, சங்கத்துக்குப் போக. கண்டக்டர் இவரை விசாரித்தார். பையை இப்போதும் வைத்திருக்கிறார்.

பிப்ரவரி 9

ஞாயிற்றுக்கிழமை. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இவர் கட்டிலில். இந்த வீட்டில் நிஜமாகவே மாடி உண்டு. மேலே ஒரு குடும்பம், நாங்கள் தரைத்தளம். சென்னைக் கம்பெனி எழுதியது ஒருவழியாக இங்கே பலித்திருக்கிறது.

தெருவில் யாரோ "மதி... மதி..." என்று கூப்பிடுகிற சத்தம். இங்கே இவரை அப்படிக் கூப்பிட ஆள் ஏது? நான் எழவில்லை. மறுபடியும் "மதி..." பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

இவர் கண்ணைத் திறக்காமல் சொன்னார்: "நேத்து போன் பண்ணுனாரு. கீழ் வீடுன்னு சொன்னேன். கீழண்டை வீட்டு வாசல்ல நிக்கறாரு பாரு, போய்க் கூட்டிட்டு வா."

வெளியே போய்ப் பார்த்தேன். கிழக்கே, அடுத்த வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு மூத்தார் நின்றிருந்தார். கையில் கொல்லை வாழைப்பழம் ஒரு சீப்பு. இவருக்கு வாழைப்பழம் ஆகாது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, சொல்லவும் போவதில்லை.

"மாமா, இங்க வாங்க" என்றேன். "மாடிக்குக் கீழ."