விடுதலைக்கு மேற்கோள் தேவை

ஜூலை 8, செவ்வாய். குன்னம்.

வெயில். கூடவே மண்ணை வாரி அடிக்கும் காற்று. காலேஜ் நூலகத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. மேசையைத் துடைத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியத்தைத் திறந்தேன். மலர்க்கொடி அக்கா பக்கம். மொத்தமே மூன்று வரி. அரியலூர்க்காரர். வார இதழ் நிருபராக இருந்தவர். மூன்றாவது: 'மிரட்டிப் பணம் பறித்ததாகக் கைது செய்யப்பட்டார்.' அதற்கு மட்டும் ஆதாரமாக நான்கு மேற்கோள், நான்கும் பேப்பர் செய்தி.

சுண்ணாம்புக்கல் குழிகளைப் பற்றி அவர் எழுதியது எங்கே? தோண்டிவிட்டு வேலி போடாமல் விட்ட குழிகள், அதில் மூழ்கிய பிள்ளைகள், குறைத்துக் காட்டிய ஆழம். பள்ளிக்கூட நாளில் பஸ் ஸ்டாண்டு கடையில் நின்றுகொண்டே படித்தேன். கடைக்காரர் முறைக்க முறைக்க.

எல்லாவற்றையும் சேர்த்தேன், இதழ் எண்ணோடு. கடைசியில் ஒரு வரி: 'நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.'

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அந்த வரி மட்டும் இல்லை. 'நடுநிலையாளன்' என்ற பெயரில் யாரோ நீக்கியிருக்கிறார். காரணம்: 'மேற்கோள் இல்லை.' நடுநிலையாம்.

ஜூலை 10, வியாழன்.

அரைநாள் லீவு. அரியலூர் பஸ், நின்றபடியே. அக்கா இப்போது தையல். முழங்கால் வரை துணி வெட்டுகள். தீர்ப்பு நகலை எடுத்துக் காட்டினார். இது செல்லாது, தீர்ப்பைப் பற்றி யாராவது எழுதி வெளியாகி இருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கே வாய் கூசியது.

"அப்ப பேப்பர்ல வந்தாத்தான் நான் வெளிய வந்தேனா?"

"அவங்க விதி அப்படிங்கக்கா."

"கைதானப்ப நாலு பேப்பர்ல போட்டோ போட்டான். விட்டப்ப ஒருத்தனும் எட்டிப் பாக்கல. மறுபடி உள்ள போனாத்தான் வருவானுங்க போல."

மகள் செல்விக்கு ஆண்டிமடத்தில் ஒரு வரன். மாப்பிள்ளையின் அம்மா போனில் அந்த மூன்று வரியைப் பார்த்திருக்கிறார். 'மறைச்சிட்டீங்களே' என்றாராம். யோசித்துச் சொல்வதாக இருக்கிறார்கள்.

சுலபமான வழி ஒன்று உண்டு என்றேன். பக்கத்தையே நீக்கச் சொல்லிக் கேட்கலாம். உயிரோடு இருப்பவர் கேட்டால் யோசிப்பார்கள்.

கத்தரிக்கோல் நின்றது.

"குழியப் பத்தி நான் எழுதுனதும் சேந்து போயிடுமா?"

"போயிடும்க்கா."

"அப்ப எடுக்காத. அந்தப் புள்ளைங்க கதை வேற எங்கயும் இல்ல. முடிவையும் சேத்துப் போடு, போதும்."

உள்ளேயிருந்து செல்வி: "அவங்களுக்கு வேணாம்னா போவட்டும்மா. நான் என்ன கத்திரிக்காயா, சொத்தையாயிடறதுக்கு?"

திரும்பும்போது ஜன்னல் சீட். ஒன்றும் படிக்கவில்லை.

ஜூலை 12, சனி.

காற்று நிற்கவில்லை. கொடியில் போட்ட துப்பட்டா பக்கத்துச் சோளக்காட்டில். பெரம்பலூரில் தெரிந்த பகுதிநேர நிருபர் ஒருவருக்குப் போன். மனிதர் நல்லவர்தான்.

"தங்கச்சி, விடுதலையாகி வருசக்கணக்காச்சு. இப்ப அனுப்புனா டெஸ்க்ல சிரிப்பாங்க. ஏதாச்சும் நடந்தா சொல்லு, வரேன்."

அக்காவிடம் அப்படியே சொன்னேன். போனிலேயே வெகுநேரம் சிரித்தார்.

"நடத்திட்டாப் போச்சு. திங்கக்கிழம கலெக்டர் ஆபீஸ்ல என்னடி?"

குறைதீர்க்கும் நாள். வெறும் மனுவோடு போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. காலிக்குடம், காய்ந்த பயிர் என்று எதையாவது தூக்கிக்கொண்டு போனால் கேமரா தானாக வரும். அக்காவும் நிருபராக எத்தனை திங்கள் அந்த ஆபீஸ் மரத்தடியில் காத்திருந்தவர்.

எனக்கு உறுத்தல். மேற்கோளை நானே தயாரிக்கிறேனா? யோசித்து முடிவு: நான் எந்த நிருபரையும் கூப்பிடமாட்டேன். ஓரமாக நிற்பேன். வந்ததை மட்டும், வந்தபடி எழுதுவேன். அக்கா மனு கொடுப்பது அக்காவின் உரிமை.

ஜூலை 14, திங்கள். அரியலூர்.

அக்கா கழுத்தில் மாலை. பூ இல்லை, தான் கைதான செய்திகளைப் பெரிதாக நகலெடுத்து நூலில் கோத்தது. வாசலில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பையைச் சோதிக்கும் பெண் போலீஸ்:

"என்னக்கா இது?"

"நான் உள்ள போன நியூஸ். படிச்சுப் பாரு. போட்டோ நல்லா வந்திருக்கும்."

அந்தப் பெண் உண்மையிலேயே படித்தது.

"அப்புறம் விட்டுட்டாங்களா?"

"விட்டுட்டாங்க. அதத்தான் யாரும் போடல."

அதற்குள் கேமராக்கள். அக்காவோடு வேலை பார்த்த பழைய நிருபர் ஒருவர் தூரத்தில் செருப்பையே பார்த்துக்கொண்டு. ஓர் இளைஞர்: "அக்கா, கொஞ்சம் அழுவுற மாதிரி நில்லுங்க."

"அழுவுற போட்டோ உங்க ஆபீஸ்லயே இருக்கும் தம்பி. இன்னிக்கு இத எடு."

நிமிர்ந்து நின்றார்.

மனுவில் ஒரே கோரிக்கை: கைதை வெளியிட்டவர்கள் விடுதலையையும் வெளியிட ஆவன செய்ய வேண்டும். வாங்கிய அதிகாரி இரண்டு தடவை படித்தார். "இத எந்தத் துறைக்கும்மா அனுப்பறது?"

"அது நீங்கதாங்க சார் சொல்லணும்."

ஜூலை 15, செவ்வாய்.

இரண்டு பேப்பரில். 'நூதன முறையில் மனு: கலெக்டர் அலுவலகத்தில் பரபரப்பு.' ஒன்றில் இனிஷியல் தப்பு. பரவாயில்லை. இரண்டிலும் உள்ளே அந்த ஒரு வாக்கியம் இருக்கிறது: வழக்கிலிருந்து நீதிமன்றம் அவரை விடுவித்தது.

ஆண்டிமடத்திலிருந்து இன்னும் பேச்சில்லை. செல்வி பேப்பரைப் போட்டோ எடுத்து அந்த அம்மாவுக்கு அனுப்பிவிட்டதாம், தானாகவே. "பாத்துட்டு என்ன வேணா சொல்லட்டும்."

பத்து மணிக்கு வரியைச் சேர்த்தேன். இரண்டு மேற்கோள். அடைமொழி எதுவும் இல்லை. 'துணிச்சலான' என்று கை எழுதியது, நானே அழித்தேன்.

பதினொன்றுக்குள் நீக்கிவிட்டார் நடுநிலையாளன். 'உள்ளூர்ச் செய்தி. முக்கியத்துவம் இல்லை.'

திரும்பச் சேர்த்தேன். காரணப் பெட்டியில்: 'கைதுக்கு இங்கே காட்டியிருக்கும் மேற்கோள்களும் இதே பேப்பர், இதே உள்ளூர்ப் பக்கம். செல்லாது என்றால் இரண்டுமே செல்லாது. இரண்டையும் எடுங்கள், அல்லது இரண்டையும் விடுங்கள்.' திருத்துபவர்கள் விவாதிக்கும் உரையாடல் பக்கத்தில் மற்றவர்களையும் பார்க்கச் சொல்லி ஒரு குறிப்பு. கீழே கையெழுத்து, புனைபெயர் இல்லை, என் சொந்தப் பெயர்.

நூலகத்தில் ஒரு மாணவி வந்து புத்தகம் கேட்டது. எழுந்து எடுத்துக் கொடுத்தேன். திரும்பி வந்தேன். வரி இருக்கிறது. நீக்கட்டும், நான் இங்கேதான் இருக்கிறேன்.