நிஷாவின் கால்வாயில் தே ஓ

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்று வீட்டின் பின்பக்கச் சரிவை அளந்தேன். அளந்தேன் என்றால், சறுக்கினேன். சமையலறைக் கதவிலிருந்து புறப்பட்டவன் கீழ்வீட்டு பரக்கத் நிஷாவின் வேலியில் போய் நின்றேன். மூன்றே விநாடி. எங்கள் ஊர் சிகாமட்டுக்கு வரும் எந்த ரயிலுக்கும் இந்த வேகம் கிடையாது.

மழை பெய்தால் என் மண்ணும் இதே பாதையில்தான் போகிறது. நிஷாவின் கால்வாய் அன்று தே தாரிக் நிறத்தில், பால் டீயாக ஓடும். நிரம்பினால் அவர் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றை விற்பனைக்குச் சமைக்கும் பின்கட்டுக்குள் நுழையும்.

இந்த வருஷம் சரிவு முழுக்கச் சிமெண்டு என்று என் மனைவி சொர்ணம் தீர்ப்பு எழுதிவிட்டாள். பத்து மூட்டை வந்து இறங்கியும்விட்டது. பணி ஓய்வு பெற்ற எனக்கு இந்தப் பூமியில் மிச்சம் இருக்கும் மண் அது ஒன்றுதான். சிமெண்டில் நான் என்ன செய்வது? வடகம் காயப்போடவா?

கெடு கேட்டேன், கொடுத்தாள். "டிசம்பர் மழை வரைக்கும். ஒரு தடவை அந்தப் புள்ள வீட்டுல சேறு பூந்தாலும் சிமெண்டுதான்."

ஆகஸ்ட் 11

சிங்கப்பூரில் வேலை செய்யும் தங்கை மகள் பிரீத்தி ஒரு வீடியோ அனுப்பினாள். அடியில் மக்கிய கட்டை, மேலே கிளை, சருகு, எல்லாவற்றுக்கும் மேலே மண். கட்டை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளுமாம். மேடே பாத்தி!

ஐந்து மேடு கட்டப் போகிறேன். எல்லாம் என் பெயரில்தான்: முதலாம் உலகப்பன் தொடங்கி ஐந்தாம் உலகப்பன் வரை. பெயர்ப்பலகை தயார்.

ஆகஸ்ட் 24

விழுந்த ரம்புத்தான் மரம் ஒன்று. செம்பனை மட்டை ஒரு காடு. டுரியான் தோல் ஒரு மலை. இதையெல்லாம் ஏற்றி நாறும் காரில் ஏற மாட்டேன் என்று சொர்ணம் கோயிலுக்கு கிராப் டாக்சி பிடித்துப் போகிறாள். நான் குப்பை வாங்குகிறேன் என்று கேள்விப்பட்டு யாரோ வாசலில் மெத்தையை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

செப்டம்பர் 1

முதலாம் உலகப்பன் எழுந்தருளினார். கட்டைகளை மேலிருந்து கீழாக நேரே போட்டேன், ராஜபாட்டை மாதிரி. குறுக்கே போட்டால் என்ன என்று சொர்ணம் ஜன்னலிலிருந்து கேட்டாள். அழகுணர்ச்சி இல்லாதவள்.

செப்டம்பர் 7

மழை. முதலாம் உலகப்பன் நாட்டை விட்டு ஓடிவிட்டார்.

செப்டம்பர் 8

ஓடியவர் நிஷாவின் கோழிக்கூண்டில் மோதி நின்றிருக்கிறார். கோழிகள் பிழைத்துக்கொண்டன. ஆனால் என்னைப் பார்க்கும் பார்வை சரியில்லை.

நிஷா திட்டவில்லை. "அண்ணே, வருஷா வருஷம் மண்ணுதான் வரும். இப்ப மரமும் அனுப்புறீங்களா?" என்றார். பிறகு மெதுவாக, "சேறு பூந்தா அன்னிக்கு எனக்கு அடுப்பு கிடையாதுண்ணே."

நான் பாட்டுக்கு ராஜா வேஷம் கட்டிக்கிட்டு ஆடுறேன். அவங்க பொழப்புல வெளையாட நான் யாரு — ச்சே.

செப்டம்பர் 15

எல்லாவற்றையும் பிரித்தேன். இப்போது குறுக்கே. மட்டம் பார்க்கத் தண்ணீர் ஊற்றிய குழாய். அதைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். பாடுபட்டுக்கொண்டிருந்தபோது சொர்ணம் இறங்கி வந்து மறுமுனையைப் பிடித்தாள். "உங்களுக்காக இல்ல. சிமெண்டுக்காரருக்கு அளவு எடுக்குறேன்." ஒவ்வொரு கட்டைக்கும் கீழ்ப்பக்கம் மூங்கில் முளை அடித்தோம்.

செப்டம்பர் 29

ஐந்து மேடும் முடிந்தன. பூசணி விதை ஊன்றினேன். முதுகை மட்டும் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.

டிசம்பர் 3

மழை.

டிசம்பர் 4

இன்னும் மழை. ஜன்னல் பக்கம் போகவில்லை.

டிசம்பர் 5

நாற்பது நாள் மழையை இரண்டே நாளில் பெய்து முடித்தது வானம். நிஷாவுக்குப் போன் போட்டேன். தங்கச்சி, கால்வாய் என்ன நிறம்? போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என் வாழ்நாளின் பாதி அதற்குள் போய்விட்டது.

"தே ஓ, அண்ணே. பாலே இல்ல."

சேறு கலக்காத, தெளிந்த வெறும் டீ! ஆடினேன். வழுக்கினேன். வேலிவரை போய் நேரிலேயே பார்த்துக்கொண்டேன்.

டிசம்பர் 22

சிமெண்டுக்காரர் வந்தார்! ஒரு வார்த்தை சொல்லவில்லை இவள். ராஜ்யம் போச்சு என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். மாலையில் எழுந்து பார்த்தால் மேடுகளை ஒட்டி ஓரமாக, கதவிலிருந்து வேலிவரை படி. பத்து மூட்டையும் படியாகிவிட்டது.

"பூசணி பறிக்க நானும் உங்கள மாதிரி சறுக்கிட்டா போறது?"

ஜனவரி 19

இரண்டாம் உலகப்பனின் பெரிய பூசணி காம்பறுந்து உருண்டது. அனுபவமுள்ள கோழிகள் முன்னதாகவே விலகிவிட்டனவாம். நிஷா போன் செய்தார்: "வந்து சேந்துருச்சு. இதைத் திருப்பித் தர மாட்டேன்லா, அண்ணிகிட்ட சொல்லிடுங்க."

மத்தியானம் தூக்குச்சட்டியில் பூசணிக் குழம்போடு படியேறி வந்தார். இந்தச் சரிவில் முதன்முதலாக ஏதோ ஒன்று மேலே வந்திருக்கிறது.